பாலுமகேந்திராவின் பிற்காலப் படங்கள்: எதை முதல்ல போடலாம்?

வணக்கமுங்க, சென்னிமலையில இருந்து எழுதறேன். எங்க அப்புச்சி நாப்பது வருசம் தறியில இருந்தவரு, இப்பக் காது சுத்தமா மந்தம். போன வாரம் ‘தலைமுறைகள்’ போட்டுக் காட்டினேன். பாலுமகேந்திரா தானே தாத்தாவா நடிச்சு 2013-ல வந்த கடைசிப் படம். வசனம் பாதி கேட்டிருக்காது. ஆனா தாத்தா பேரனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கற எடம் வந்ததும், கண்ணாடியக் கழட்டி வேட்டி முனையில தொடச்சுட்டு, எம் பையனக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாரு. எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சுங்க.

‘வீடு’, ‘மூன்றாம் பிறை’ எல்லாம் பாத்தாச்சு. ‘சதிலீலாவதி’ கோவை சரளா பேச்சுக்காகவே எங்கூட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கப்புறம் வந்த ‘ராமன் அப்துல்லா’, ‘ஜூலி கணபதி’, ‘அது ஒரு கனாக்காலம்’, இதுல எது காது கேக்காதவரும் மொகத்தப் பாத்தே புரிஞ்சுக்கற மாதிரி இருக்கும்? பாலுமகேந்திராவே கேமராவும் புடிச்சதால நம்பிக் கேக்கறேன்.

இன்னொண்ணு, சன் டிவிக்கு எடுத்த ‘கதை நேரம்’. அப்புச்சியால அரைமணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது, சிறுகதைன்னா தோதா இருக்கும். நல்ல பிரிண்ட் எங்க கெடைக்கும், எந்தக் கதைய மொதல்ல போடட்டும்? பாத்தவங்க சொல்லுங்க.