மண் பானையில் ஓட்டை போட்ட அனுபவம்: உங்கள் வீட்டில் எப்படி?

மொட்டைமாடி:
அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர்ப் பானைகள் புழக்கத்தில் இருந்தன. அப்புறம் பரணுக்குப் போய்விட்டன. சும்மா கிடப்பதற்குச் செடியாவது வைக்கலாமே என்று போன மாதம் இறக்கினேன்.

தண்ணீர் வடிய அடியில் துளை போடப் போய் முதல் பானையை உடைத்துவிட்டேன். சுவரில் ஆணி அடிக்கப் பயன்படுத்திய ட்ரில்லில் ஹேமர் மோடு (சுத்தியல் மாதிரி இடித்துக்கொண்டே துளைப்பது) அப்படியே இருந்ததைக் கவனிக்கவில்லை. பானையைச் சிமெண்ட் தரையில் கவிழ்த்து வைத்து அழுத்தியதும் அடியிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு ஓடியது. வாய் ஓரத்தில் சொம்பு உரசி உரசி ஒரு வழவழப்பு இருக்கும், அம்மா மொண்டு மொண்டு வந்தது. அந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. அன்று முழுக்க மனசே சரியில்லை.

இரண்டாவதை எடுக்க ஒரு வாரம் ஆனது. முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. பொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கிறது, அதில் துளை போடவே கூடாது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்தேன். ஊறிய மண்ணில் பிட் (ட்ரில்லில் மாட்டும் துளைக்கும் கம்பி) சூடாகாது, புழுதியும் பறக்காது. காலையில் ஈர மணலை உள்ளே கெட்டியாக அடைத்து, வாயைத் துணியால் கட்டி, மடித்த சாக்கின் மேல் கவிழ்த்தேன். பிட் மறுபக்கம் வெளிவரும்போதுதான் சில்லு பெயரும். மணல் அங்கே முட்டுக் கொடுக்கும்.

பிட் வழுக்காமல் இருக்கப் பேப்பர் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினேன். ஹேமர் மோடு இல்லாமல், மெதுவான வேகத்தில், 4 எம்.எம். கான்கிரீட் பிட். நான் அழுத்தவே இல்லை, மெஷினின் எடை போதும். அவ்வப்போது தண்ணீர் தெளிக்கத் தெளிக்கச் செம்மண் குழம்பு மாதிரி வழிந்தது. அப்புறம் 6, 8, 10 என்று பெரிதாக்கினேன். ஒரே பிட்டில் 10-க்குப் போயிருந்தால் இதுவும் போயிருக்கும். தண்ணீர் புழங்கும் வேலை என்பதால் வயர் மெஷினை விட்டுவிட்டுப் பேட்டரி ட்ரில்லைத்தான் எடுத்தேன். மூக்கில் மாஸ்க்கும் கட்டாயம். இப்போது அதில் கறிவேப்பிலை நிற்கிறது.

ஊறுகாய்ஜாடி:
பீங்கான் ஜாடிக்கு இந்த முறை சரிவராது அக்கா. மேலே கண்ணாடிப் பூச்சு இருப்பதால் கான்கிரீட் பிட் சறுக்கிக் கீறல்தான் விழுகிறது. ஈட்டி முனை மாதிரி இருக்கும் டைல்ஸ் பிட்டைக் கேட்டு வாங்கினேன். அரை மணி நேரம் பிடித்தது, பொறுமையாகத்தான் போட வேண்டும். ஜாடி ஊறாது என்பதால் துளை போடும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். என் மகள் பக்கத்தில் நின்று ஊற்றினாள்.

சக்கரவீடு:
நாங்கள் பானை செய்கிற வீடு. தண்ணீர்ப் பானையில் சக்கரத்திலேயே அடி மூடி வராது. உள்ளே ஒரு கையில் கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் உருண்டையாக மூடுவோம். அதனால் அடி மெல்லிசு, லேசாக அதிர்ந்தாலே விரிசல் விடும். பூந்தொட்டிக்கு அடி தடிமன், அது தாங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பச்சை மண்ணாக இருக்கும்போது ஒரு குச்சியால் குத்தினால் முடிந்தது, சூளையில் வெந்ததும் அந்தத் துளை அப்படியே நிற்கும். இதற்கு நாங்கள் தனிக் காசு வாங்குவதில்லை. உடைந்த பானையையும் தூக்கிப் போடாதீர்கள் அக்கா. ஓட்டுத் துண்டைத் துளைக்கு மேல் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது, தண்ணீர் மட்டும் வடியும்.

மொட்டைமாடி:
அந்த வாய் ஓரத் துண்டை எடுத்துத்தான் வைத்திருந்தேன். நாளைக்கு மூன்றாவது பானைக்குத் துளை போடுகிறேன், இந்த ஓடு அதற்குள்ளே போகும்.