தட்டான் உக்காரவே மாட்டேங்குது, எப்படித்தான் போட்டோ எடுக்குறீங்க?

குளத்துமேட்டான்:
வணக்கம்ங்க. மூணு ஞாயித்துக்கெழமையா கோயம்புத்தூர் சிங்காநல்லூர் குளத்துக்குப் போயிட்டிருக்கேன். கையில கேனான் கிராப் பாடி (சின்ன சென்சார் கேமரா), 18-55, தூரத்துல இருக்கறதை கிட்ட காட்டுற 55-250 எஸ்டிஎம்னு ரெண்டு லென்ஸ். டிபன் முடிச்சுட்டு பத்தரை, பதினோரு மணிக்குப் போறேன், மஞ்சளா ஒரு தட்டான் கூட்டம் தலைக்கு மேல சுத்திட்டே இருக்கு உக்காரவே மாட்டேங்குது, ஊசித்தட்டான் உக்காருது ஆனா தலை ஷார்ப்பா வந்தா வால் அவுட்டு, தவளை ரெண்டடி வைக்கறதுக்குள்ள தொபுக்குன்னு தண்ணிக்குள்ள. ரொம்ப கிட்டப் போய் எடுக்கற மேக்ரோ லென்ஸ் வாங்கியே தீரணுமா?

கரையோரம்:
லென்ஸ் இருக்கட்டும், மொதல்ல டிபனை தள்ளி வைங்க :) ஆறரைக்குள்ள அங்க இருக்கணும். ராத்திரி குளிர்ல தட்டானுக்கு ஒடம்பு சில்லுன்னு இருக்கும், வெயில் பட்டு சூடேறினாத்தான் அதால பறக்க முடியும், அதுவரைக்கும் பனித்துளியோட புல்லுல தொங்கிட்டு கெடக்கும். நீங்க தொரத்துற மஞ்சள் தட்டான் வாண்டரிங் கிளைடர், கடல் தாண்டி மாலத்தீவு, ஆப்பிரிக்கான்னு போறதா சொல்ற ஆளு, பகல்ல அது உங்களுக்காக உக்காராதுங்க. செவப்பு தட்டானைப் பாருங்க, ஒரு குச்சி நுனியை புடிச்சுக்கிச்சுன்னா பறந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பி வரும். குச்சில ஃபோகஸ் வெச்சுட்டு நகராம நில்லுங்க, உங்க நிழல் மட்டும் அது மேல விழக்கூடாது. ஊசித்தட்டான் றெக்கையை மடிச்சு முதுகோட ஒட்டி வெச்சிருக்கும், அதனால நேர் பக்கவாட்டுல இருந்து, கேமரா ஒடம்புக்கு இணையா இருக்கற மாதிரி எடுத்தா அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8லயே தலையும் வாலும் ஷார்ப்பா வந்துரும். 55-250 எஸ்டிஎம் 85 செ.மீ. கிட்ட வரை ஃபோகஸ் ஆகும், பத்தலைன்னா லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் டியூப் போடுங்க.

ஷட்டர்மணி:
எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் தட்டானைப் புடிச்சு அஞ்சு நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு எடுக்கறாரு, செம ரிசல்ட்.

தவளைக்காது:
அது போட்டோவா, பொணத்துக்கு மேக்கப்பா? சின்ன வயசுல வால்ல நூல் கட்டி கல்லு தூக்க வெச்ச பாவமே இன்னும் தீரலை, ஃப்ரிட்ஜ் வேறயா.

குளத்துமேட்டான், தவளைக்கு ஒரே வித்தை, உக்காந்துருங்க. பத்து நிமிஷம் அசையாம இருந்தா முழுகினது கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டும், அப்ப நீங்களும் வயித்தோட படுத்து கண்ணு மட்டத்துல எடுக்கணும், மேல நின்னு எடுத்தா அடையாள அட்டை போட்டோதான். கொசு மருந்து தடவின கையால தவளையை தொடாதீங்க, தோல் வழியா உள்ள இழுத்துக்கும். மழை விட்ட மறுநாள் போனா அதிர்ஷ்டம் இருந்தா பெரிய ஆண் தவளைங்க பளிச்சுன்னு மஞ்சளா மாறி, தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நீல பலூன் ஊதிட்டு கத்திட்டிருக்கும், அதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். ராத்திரி போறதா இருந்தா பூட்ஸ் போட்டுக்கங்க, தவளையைத் தேடி பாம்பும் வரும்.

குளத்துமேட்டான்:
இன்னிக்கு ஆறேகாலுக்கே போயிட்டேன்ங்க. வெளிச்சம் கம்மி, ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 1600 போக வேண்டியதாப் போச்சு, படத்துல கொஞ்சம் புள்ளி புள்ளியா கிரெயின் இருக்கு. ஆனா கண்ணு மேல பனித்துளியோட ஒரு செவப்பு தட்டான், முப்பது படம் எடுத்தேன், அசையலை. அடுத்த ஞாயிறு தவளை. வீட்ல இட்லியை டப்பால போட்டுத் தர்றேன்னுட்டாங்க.