செவ்வாய் ராத்திரி வேவர்: காட்வின் இடத்துக்கு யாரு?

குழு: ஞாயிறு ஃபுட்பால் (குடும்பம்)
(ஃபேன்டசி ஃபுட்பால்: அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் ஆட்டக்காரர்களை நம்ம டீம்ல எடுத்துக்கறது. நிஜ ஆட்டத்துல அவங்க எடுக்கற யார்டு, கேட்ச், டச்டவுனுக்கு, அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோறதுக்கு, நமக்குப் பாயிண்ட்.)
22 அக்டோபர் 2024, செவ்வாய்

[மாலை 6:48] நிலா: மாமா, சித்தி, யாராவது இருக்கீங்களா? காட்வின் (டாம்பா), ஐயுக் (ஃபார்ட்டிநைனர்ஸ்) ரெண்டு பேரும் என் டீம்ல. ரெண்டு பேருக்குமே அடிபட்டு சீசன் முடிஞ்சுபோச்சு. ஆபீஸ் லீக்ல வேவர் (யாரும் எடுக்காத ஆளுக்கு ரகசிய ஏலம்) புதன் விடிகாலை ஓடும். 12 டீம், ஹாஃப் பிபிஆர் (ஒரு கேட்ச்சுக்கு அரை பாயிண்ட்), ஃபாப்ல (சீசன் முழுக்க ஏலத்துக்கான பட்ஜெட்) 61 டாலர் மீதி இருக்கு. 3 ஜெயிச்சு 4 தோத்திருக்கேன்.

[6:51] வித்யா சித்தி: இருக்கேன்மா. உங்க லீக்ல அடுத்த வருஷத்துக்கு ஆள் வச்சுக்கலாமா?

[6:51] நிலா: இல்ல சித்தி, வருஷா வருஷம் புதுசா ட்ராஃப்ட்.

[6:53] வித்யா சித்தி: அப்போ ரெண்டு பேரையும் விட்டுடு. ஐஆர் ஸ்லாட்ல (அடிபட்டவங்களுக்கான தனி இடம்) கூட வைக்காதே, அந்த இடம் இந்த வருஷமே திரும்பி வரப்போறவங்களுக்கு. உதாரணத்துக்கு டாம்பாவோட மைக் எவன்ஸ். அவருக்கு தொடைச் சதைல அடி, பை வீக் (டீமுக்கு ஆட்டம் இல்லாத வாரம்) முடிஞ்சு வந்துடுவார்னு பேச்சு. அவரை யாராவது அவசரப்பட்டு விட்டா உடனே எடுத்து ஐஆர்ல போடு.

[6:54] கார்த்தி அண்ணா: யார் யார் ஃப்ரீயா கிடக்கறாங்க? பாயிண்ட் வரிசையில அனுப்பாதே, டார்கெட் (அவரைக் குறிவச்சுப் பந்து எறிஞ்ச தடவை) வரிசையில அனுப்பு.

[6:59] நிலா: ரிசீவர்ல (எறியற பந்தைப் பிடிக்கறவர்) செட்ரிக் டில்மன் (பிரவுன்ஸ்), ரிக்கி பியர்சால் (ஃபார்ட்டிநைனர்ஸ்). டைட் எண்ட் (இவரும் பந்து பிடிப்பார்) கேட் ஆட்டன் (டாம்பா). ரனிங் பேக் (பந்தோட ஓடறவர்) ஐசக் கெரெண்டோ (ஃபார்ட்டிநைனர்ஸ்), அப்புறம் நிக் சப்பை (பிரவுன்ஸ்) யாரோ விட்டிருக்காங்க. டிஃபென்ஸ்ல (ஒரு டீமோட தடுப்பு அணி மொத்தமும்) சார்ஜர்ஸ் இருக்கு. சப் ஞாயித்துக்கிழமை டச்டவுன் அடிச்சார், ஓட்டத்துலயே 8.2 பாயிண்ட். அவருக்குத்தான் பெரிய பிட் (ஏலத் தொகை) போடலாம்னு இருந்தேன்.

[7:04] சேகர் மாமா: நிலா, சப் கணக்கைப் பிரிச்சுப் பாரு. 11 தடவை பந்து, 22 யார்டு. அது 2.2 பாயிண்ட். மீதி 6ம் ஒரே ஒரு டச்டவுன். டச்டவுன் எந்த வாரம் வரும்னு யாராலும் சொல்ல முடியாது, பந்து எத்தனை தடவை கைக்கு வரும்னு ஓரளவு சொல்லலாம். 2023 செப்டம்பர்ல முழங்கால் போனவர், இப்போதான் முதல் ஆட்டம். பிரவுன்ஸ் பெரும்பாலும் பின்தங்கியே ஆடுறாங்க. பின்தங்கினா ஓட மாட்டாங்க, எறிவாங்க. சப் கேட்ச் பிடிக்கிற ஆள் இல்ல. 3 டாலருக்குக் கிடைச்சா பெஞ்சுல உக்காரவை, அதுக்கு மேல வேண்டாம்.

[7:05] கார்த்தி அண்ணா: அதே ஆட்டத்துல டில்மன் கணக்கைப் பாரு. 12 டார்கெட், 8 கேட்ச், 81 யார்டு. டச்டவுன் இல்லாமலே ஹாஃப் பிபிஆர்ல 12.1.

[7:06] நிலா: அதுக்கு முன்னாடி அவர் ஒண்ணுமே பண்ணலையே அண்ணா? ஒரு வாரக் கூத்தா இருந்துட்டா?

[7:12] சேகர் மாமா: அந்தக் கேள்விதான் சரி. ஒரு ஆள் திடீர்னு ஏறினா முதல்ல "யார் இடம் காலியாச்சு?"ன்னு கேளு. பதில் இல்லைன்னா அது அதிர்ஷ்டம், தொடாதே. டில்மனுக்கு பதில் இருக்கு. 15ஆம் தேதி அமாரி கூப்பரை பில்ஸுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. பிரவுன்ஸ்ல அதிகமா டார்கெட் வாங்கிட்டிருந்தவர் அவர். அந்த பந்தெல்லாம் எங்கயாவது போயாகணும். கூப்பர் போன முதல் ஆட்டத்துலயே 12 டார்கெட் டில்மனுக்கு, 14 டைட் எண்ட் ஞோகுவுக்கு.

ரெண்டாவது, "பந்து எறியறது யாரு?" குவார்ட்டர்பேக் (பந்து எறியறவர்) வாட்சனுக்கு அக்கிலீஸ் (குதிகால் தசைநாண்) கிழிஞ்சு சீசன் முடிஞ்சுது. அடுத்து வந்த தாம்ப்சன்-ராபின்சனுக்கும் விரல்ல அடி. அநேகமா ஜேமிஸ் வின்ஸ்டன்தான் ஆடுவார். அவர் இன்டர்செப்ஷனுக்கு (எறிஞ்ச பந்தை எதிராளி பிடிச்சுடறது) பயப்படாம தூரமா எறியற ஆள். 2019ல டாம்பால 5,109 யார்டு, 33 டச்டவுன், 30 இன்டர்செப்ஷன். டீம் தோத்துச்சு, ஆனா காட்வின் 1,333, எவன்ஸ் 1,157 யார்டு எடுத்தாங்க. அவர் தப்பா எறிஞ்சா நஷ்டம் அவரை வச்சிருக்கறவங்களுக்கு. ரிசீவர் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு பாயிண்ட் கூட குறையாது.

[7:14] வித்யா சித்தி: ஒரு எச்சரிக்கை. ஞாயிறு அவங்க பின்தங்கியிருந்ததால 50 தடவைக்கு மேல எறிஞ்சாங்க. எல்லா வாரமும் அவ்வளவு வராது. அதனால 12ன்ற எண்ணை விட்டுட்டுப் பங்கைப் பாரு. மொத்தத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு இவருக்கு. 32 தடவை எறிஞ்சா கூட 7, 8 வரும். ஃப்ளெக்ஸ்ல (ரிசீவர், டைட் எண்ட், ரனிங் பேக் யாரை வேணா போடற இடம்) தாராளமா போடலாம்.

[7:15] வித்யா சித்தி: அடுத்த ஆட்டம் ராவன்ஸோட. நேத்து ராத்திரி அதே ராவன்ஸ் மேல டாம்பா குவார்ட்டர்பேக் மேஃபீல்டு 370 யார்டு எறிஞ்சார்.

[7:16] கார்த்தி அண்ணா: ஜெரி ஜூடியையும் கண்ல வச்சுக்கோ. அவரும் பிரவுன்ஸ், அதே காரணம். ஞாயிறு பந்து வரலைன்னு யாராவது கோபத்துல விடுவாங்க.

[7:18] நிலா: சரி. ஆட்டன்? என்கிட்ட டைட் எண்ட் ஃபெர்குசன் இருக்கார்.

[7:23] வித்யா சித்தி: ஆட்டன் நேத்து 8 கேட்ச், 100 யார்டு. ஹாஃப்ல 14. காட்வினும் எவன்ஸும் இல்லாம மேஃபீல்டு நம்பி எறிய பழகின ஆள் அவர்தான், மத்தவங்க புதுசு. ஆனா எத்தனை ஆட்டம்னு எண்ணிக்கோ. 8ஆவது வாரம் ஃபால்கன்ஸ், 9 சீஃப்ஸ் (திங்கக்கிழமை), 10 ஃபார்ட்டிநைனர்ஸ், 11 பை. அதுக்கப்புறம் எவன்ஸ் வந்துடுவார். மூணு நல்ல ஆட்டம் உறுதி, மிச்சம் வந்தா லாபம். மூணு ஆட்டத்துக்கு உன் பட்ஜெட்ல கால் பங்குக்கு மேல தராதே.

[7:24] சேகர் மாமா: ஃப்ளெக்ஸ்ல டைட் எண்ட் போட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. பந்து வந்தா சரி.

[7:26] கார்த்தி அண்ணா: பியர்சால் பெஞ்சுக்கு மட்டும். முதல் ஆட்டத்துல 5 டார்கெட், 3 கேட்ச், 21 யார்டு. ஐயுக் இடம் காலிதான், ஆனா டீபோ, கிட்டில், ஜென்னிங்ஸ்னு வரிசை நிக்குது. 9ல அவங்களுக்கு பை வேற. நவம்பர் நடுவுல பயன்படலாம்.

[7:27] கார்த்தி அண்ணா: கெரெண்டோ வேற மாதிரி. அதே டீம்ல இப்போ ஓடற ஜோர்டன் மேசனுக்கு தோள் சரியில்ல. அடிபட்டிருக்கற முதல் ரனிங் பேக் மேக்காஃப்ரி திரும்பறதுக்குள்ள ஒரு ஆட்டம் இவருக்குக் கிடைச்சா பெரிசா வரும். மேக்காஃப்ரி வந்துட்டா மூணாவது ஆள். அந்த ஒரு ஆட்டத்துக்கு 2, 3 டாலர்.

[7:31] நிலா: பேக்கப் ரனிங் பேக்குக்கு எப்பவுமே இவ்வளவு கம்மியா? வேலை கிடைச்சா 25 தடவை ஓடுவாங்களே.

[7:40] சேகர் மாமா: வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி எடுத்தா கம்மி, கிடைச்சப்புறம் எடுத்தா 40 டாலர். ரெண்டு விதத்துலயும் பொறுமை வேணும். 2022ல பார்த்தோமே, அக்டோபர் 20ஆம் தேதி கரோலினா மேக்காஃப்ரியை ட்ரேட் பண்ணாங்க. அந்த ஞாயிறு அவர் இடத்துல ஃபோர்மன் 15 தடவை ஓடி 118 யார்டு, ஆனா டச்டவுன் இன்னொரு ரனிங் பேக் ஹப்பர்டுக்குப் போச்சு. எல்லாரும் ரெண்டா பங்கு போகும்னு நினைச்சாங்க. ஹப்பர்டுக்குக் கணுக்கால் அடி. அடுத்த வாரம் ஃபோர்மன் 118 யார்டு, 3 டச்டவுன். அதைப் பார்த்து பட்ஜெட்டைக் கொட்டி வாங்கினவங்களுக்கு அடுத்த வாரமே சின்சினாட்டில அடி. இடைவேளைக்குள்ளயே 35-0 பின்தங்கிட்டாங்க, இவர் கைக்கு 10 தடவை கூட பந்து வரல. பயந்துபோய் விட்டாங்க சில பேர். அதுக்கடுத்த வியாழக்கிழமை 31 தடவை ஓடி 130 யார்டு.

கேட்ச் பிடிக்காத ரனிங் பேக்னா டீம் முன்னால இருக்கற ஆட்டத்துல போடு. அடி வாங்கப்போற ஆட்டத்துல உக்காரவை. ஆளை விடாதே.

[7:43] நிலா: புரியுது மாமா. டிஃபென்ஸ் கவ்பாய்ஸ் வச்சிருக்கேன்.

[7:47] வித்யா சித்தி: விட்டுட்டு சார்ஜர்ஸ் எடு. ஆறு ஆட்டத்துல ஒண்ணுல கூட 20 பாயிண்ட்டுக்கு மேல விடல. அதைவிட முக்கியம் அடுத்த மூணு வாரம். செயின்ட்ஸ் (குவார்ட்டர்பேக் டெரெக் கார் ஆடல, புதுப்பையன் ராட்லர்), அப்புறம் பிரவுன்ஸ், அப்புறம் டைட்டன்ஸ். வாரா வாரம் டிஃபென்ஸ் மாத்த ஒவ்வொரு டாலரா செலவு பண்றதுக்கு பதிலா ஒரே தடவை 2 டாலர். டிஃபென்ஸை எடுக்கும்போது அதோட பேரை மறந்துட்டு எதிர்ல எறியற குவார்ட்டர்பேக்கைப் பாரு.

[7:48] நிலா: 9ஆவது வாரம் டில்மனுக்கு எதிர்லயே என் டிஃபென்ஸ் ஆடுமே?

[7:48] வித்யா சித்தி: ஆடட்டும். அவர் 70 யார்டு எடுக்கலாம், அதே ஆட்டத்துல வின்ஸ்டன் ரெண்டு இன்டர்செப்ஷனும் குடுக்கலாம். ரெண்டும் உனக்குத்தான்.

[8:05] நிலா: பிட் போட்டுட்டேன், சரியா பாருங்க.
1. டில்மன் 20, விடறது ஐயுக்
2. ஆட்டன் 15, விடறது காட்வின்
3. சார்ஜர்ஸ் 2, விடறது கவ்பாய்ஸ்
4. பியர்சால் 3, விடறது டைலர் ஆல்ஜியர் (அட்லாண்டா ரனிங் பேக்)

[8:09] கார்த்தி அண்ணா: ரெண்டு தப்பு. முதல்ல 20, 15ன்ற முழு எண். எல்லாரும் அதையேதான் போடுவாங்க. சமமா வந்தா உங்க லீக் விதிப்படி வரிசையில முன்னால இருக்கறவருக்குப் போயிடும். 23, 14னு போடு.

[8:11] கார்த்தி அண்ணா: ரெண்டாவது, 4ஆவதுல ஆல்ஜியரை விடாதே. அங்க முதல் ரனிங் பேக் பிஜானுக்கு அடி பட்டுச்சுன்னா அட்லாண்டா ஓட்டம் முழுக்க ஆல்ஜியருக்கு. பியர்சாலுக்கும் விடற ஆளா காட்வினையே போடு. ஆட்டன் கிடைச்சா காட்வின் ஏற்கெனவே போயிருப்பார், 4ஆவது தானா ரத்தாகும். ஆட்டன் கிடைக்கலைன்னா பியர்சால் வருவார். நீ போட்டிருக்கறபடி விட்டா மூணு பேரும் வந்து ஆல்ஜியர் போயிருப்பார்.

[8:12] நிலா: ஓ! ஒரே ஆளை ரெண்டு பிட்ல போடலாமா? எனக்குத் தெரியாது. மாத்திட்டேன்.

[8:15] சேகர் மாமா: எல்லாம் கிடைச்சாலும் 39 போகும், 22 மிஞ்சும். அதைத் தொடாதே. நவம்பர் 5ஆம் தேதி என்எஃப்எல் ட்ரேட் கெடு. அன்னிக்கு யாராவது டீம் மாறினா அவர் விட்டுட்டுப் போன இடத்துக்குத்தான் அடுத்த பிட். 14ஆவது வாரம் ஆறு டீமுக்கு பை: ராவன்ஸ், ப்ரான்கோஸ், டெக்ஸன்ஸ், கோல்ட்ஸ், பேட்ரியட்ஸ், கமாண்டர்ஸ். ப்ளேஆஃப் தொடங்க ஒரு வாரம் முன்னாடி. அப்போ கையில காசில்லாதவங்க ஓட்டை டீமோட நிப்பாங்க.

[8:17] வித்யா சித்தி: வியாழக்கிழமை ராம்ஸ் ஆடுறாங்க. அவங்க ரிசீவர் நக்குவா எந்த நேரமும் ஐஆர்ல இருந்து வரலாம். அவரை வச்சிருக்கறவர் இடம் பண்ண ஒருத்தரை வெட்டியாகணும். யாரை விட்டாங்கன்னு நாளைக்கும் நாளன்னிக்கும் லீக் பக்கத்தைத் திறந்து பாரு.

23 அக்டோபர் 2024, புதன்

[காலை 6:31] நிலா: டில்மன் 23க்கு வந்துட்டார்! அடுத்த பிட் 21.

[6:31] நிலா: ஆட்டன் போயிட்டார். ஒருத்தர் 31 குடுத்திருக்கார். சார்ஜர்ஸ் 2, பியர்சால் 3. 33 மீதி.

[6:40] கார்த்தி அண்ணா: மூணு ஆட்டத்துக்கு 31 ரொம்ப அதிகம். நீ விட்டது சரி.

[6:44] சேகர் மாமா: இனிமே ஞாயிறு வரைக்கும், யாரும் எடுக்காம கிடக்கற ஆள் பிட் இல்லாமலே முதல்ல எடுத்தவங்களுக்கு. கெரெண்டோ இன்னும் கிடக்காரா?

[6:45] நிலா: இருக்கார் மாமா, ஆனா இடம் இல்லையே.

[6:52] சேகர் மாமா: உன் கிக்கரை விட்டுட்டு அவரை எடு. கிக்கர் ஞாயிறு காலைல எப்படியும் ஒருத்தர் கிடைப்பார். புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் பிராக்டிஸ் அறிக்கையில மேசன் பேரைப் பாரு. மூணு நாளும் ஆடலைன்னா கெரெண்டோவை வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை முழுசா ஆடினா அவரை விட்டுட்டு கிக்கரை எடு. அவங்க ஆட்டம் ஞாயிறு ராத்திரி, ஆடாதவங்க பட்டியல் ஒன்றரை மணி நேரம் முன்னாடிதான் வரும். அதனால அவரை ரனிங் பேக் இடத்துல போடாதே, ஃப்ளெக்ஸ்ல வை. கடைசி நிமிஷத்துல இல்லைன்னா அந்த ராத்திரியோ திங்கக்கிழமையோ ஆடற ரிசீவர் யாரையாவது அங்க மாத்திப் போடலாம்.

[6:54] நிலா: கிக்கரை விட்டாச்சு. கெரெண்டோ 0 டாலர்.