முதல் ஃபேண்டஸி நாவலாக எதைக் கையில் கொடுப்பது?

கரிசல்காடு:
சரித்திர நாவலும் துப்பறியும் கதையும் நிறையப் படிப்பவர், ஃபேண்டஸி பக்கமே வராதவர். ஆங்கிலம் சரளமாக வாசிப்பார். முதல் புத்தகமாக எதைக் கொடுக்கலாம்? யாரைக் கேட்டாலும் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தோடு சொல்லுங்கள்.

வெள்ளாறு:
அந்த விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. அது 1954–55இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஒரே நாவல். முதல் தொகுதியை முடித்தால் கதை பாதி வழியில் நிற்கும். ஆரம்பத்திலேயே ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்களின் வரலாறு, அவர்களின் புகையிலை, ஊர் நிர்வாகம் என்று ஒரு முன்னுரை வேறு. புதியவர்கள் அதைத் தாராளமாகத் தள்ளிவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போகலாம், ஆனால் அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தப்பி உள்ளே போனாலும் 'எல்ராண்டின் சபை' என்ற அத்தியாயத்தில் ஆளாளுக்கு எழுந்து பழங்கதை சொல்வார்கள்.

என் பரிந்துரை, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. ஏறக்குறைய 200 பக்கம்தான். மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அதில் யாரும் வகுப்பெடுக்க மாட்டார்கள். கூரைமேல் ஏறிய ஆட்டை அம்மாவின் சகோதரி ஏதோ சொல்லிக் கூப்பிட, அது இறங்கி வருவதைப் பையன் பார்க்கிறான். மறுநாள் மேய்ச்சலில் அதையே கத்திப் பார்க்கிறான். மொத்த மந்தையும் வந்து மஞ்சள் கண்ணால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. இன்னொரு தடவை கத்துகிறான், நெருங்கிச் சூழ்ந்துகொள்கிறது. பயந்து ஓடினால் கூடவே ஓடிவருகிறது. ஏவத் தெரிந்தவனுக்கு விடுவிக்கத் தெரியவில்லை. நாவல் முழுக்க நடக்கப்போவதன் வித்து அங்கேயே விழுந்துவிடுகிறது.

அமாவாசை:
ஆடு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புக்ல உரையாடல் ரொம்பக் குறைவு சார். யாரோ தூரத்துல நின்னு பழங்கதை சொல்ற மாதிரி நடை. அடுத்து என்ன, அடுத்து என்னன்னு புரட்டிப் பழகினவருக்கு நாப்பதாவது பக்கத்துல தூக்கம் வந்துரும்.

பிராண்டன் சாண்டர்சனோட 'மிஸ்ட்பார்ன்' முதல் பாகம், 2006. வானத்துல இருந்து சாம்பல் கொட்டிக்கிட்டே இருக்கிற ஊர், சாகாத ஒரு பேரரசன், அவனைக் கவுக்க ஒரு திருட்டுக் கும்பல் போடுற திட்டம். துப்பறியும் கதை வாசகருக்கு இந்தத் திட்டம் போடுற வேலையெல்லாம் பழகின சமாச்சாரம். மந்திரத்துக்கும் கறாரான விதி உண்டு. உலோகத் துகளை முழுங்கி உள்ளுக்குள்ளேயே 'எரிக்கணும்'. இரும்பை எரிச்சா வெளியே இருக்கிற உலோகத்தை இழுக்கலாம், எஃகை எரிச்சா தள்ளலாம். காசைக் கீழே போட்டுத் தள்ளினா ஆள் மேலே எகிறுவான். உன்னைவிடக் கனமானதைத் தள்ளினா நீதான் பின்னாடி போய் விழுவ. வயித்துல உலோகம் தீர்ந்துச்சுன்னா சக்தியும் தீர்ந்தது. ஏமாத்து வேலையே கிடையாது.

வெள்ளாறு:
விதி கறார்தான், மறுக்கவில்லை. முதல் பாகம் தன்னளவில் முடிகிறது என்பதும் சரி. ஆனால் சண்டை வந்தாலே எந்த உலோகம், எந்தப் பக்கம் தள்ளினான், எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் புத்தகம் விரிகிறது. கணினி விளையாட்டு பழகியவர்களுக்கு அது தேன். சரித்திர நாவல் வாசகர் தேடுவது அரண்மனைச் சதியையும் ஊரையும் மனிதர்களையும்.

பல்லவன்:
துப்பறியும் கதை என்றதும் டெர்ரி பிராட்செட் பெயர் இன்னும் வரவில்லையே! அவரது 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 41 நாவல்கள், பெரும்பாலானவற்றைத் தனித்தனியாகப் படிக்கலாம். ஒன்றே ஒன்று: முதலில் வந்தது என்பதற்காக 1983ஆம் ஆண்டின் 'தி கலர் ஆஃப் மேஜிக்'கை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது அன்றைய ஃபேண்டஸி நாவல்களைக் கிண்டல் செய்கிற புத்தகம். அந்த நாவல்களையே தெரியாதவருக்கு எங்கே சிரிப்பு வரும்? அதற்குள் நகரக் காவல்படையைப் பற்றிய வரிசையின் முதல் புத்தகமான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) சரியான வாசல். குடிகாரக் காவல் தலைவர், ரகசியச் சங்கம் ஒன்று வரவழைக்கும் டிராகன், யார் செய்தது என்ற விசாரணை. அதே வரிசையின் மூன்றாவது நாவல் 'ஃபீட் ஆஃப் க்ளே' (1996), நகரை ஆள்பவருக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள், எந்த வழியில் என்றுதான் பிடிபடவில்லை. அசல் துப்பறியும் கதை.

ஒரு முன்னெச்சரிக்கை. இவற்றில் அத்தியாயப் பிரிவே கிடையாது, இடைவெளி விட்ட பத்திகள்தான். அடிக்குறிப்புகளில் பாதி நகைச்சுவை இருக்கிறது, மின்நூலில் அவற்றைத் தட்டிப் பார்க்கச் சோம்பினால் இழப்பு நமக்குத்தான்.

அமாவாசை:
பிராட்செட் சிரிப்பு முழுக்க ஆங்கிலச் சிலேடை, பிரிட்டிஷ் வழக்கு. ஆங்கிலம் சரளம்னாலும் அது வேற, இது வேற. பாதி ஜோக் தலைக்கு மேல போகும்.

பல்லவன்:
மீதிப் பாதியே தாராளம்!

கரிசல்காடு:
அரண்மனைச் சதி என்றால் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்'?

நீர்ச்சுழி:
வேண்டாம். 1996இல் தொடங்கிய வரிசை, ஐந்தாம் நூல் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. முடிவில்லாத கதையை முதல் அறிமுகமாகக் கொடுத்தால் அடுத்த புத்தகத்தை அவர் உங்களிடமிருந்து வாங்கவே மாட்டார்.

நீங்கள் சொல்லும் ஆளுக்குச் சரியான எழுத்தாளர் 'கை கேவ்ரியல் கே'. 'தி லயன்ஸ் ஆஃப் அல்-ரஸ்ஸான்' (1995) இடைக்கால ஸ்பெயினை அச்சாக வைத்து எழுதியது. மூன்று மதங்கள், சிதறிக்கொண்டிருக்கும் அரசுகள், ஒரு பெண் மருத்துவர். ஒரே நூலில் முடிகிறது.

வெள்ளாறு:
வானத்தில் இரண்டு நிலா இருப்பதைத் தவிர அதில் ஃபேண்டஸி எங்கே? ஒரு பையனுக்குத் தொலைவில் நடப்பது தெரியும், அத்தோடு சரி. அதைப் படித்துவிட்டு "ஃபேண்டஸி இவ்வளவுதானா" என்பார்.

நீர்ச்சுழி:
நியாயமான கேள்வி. அப்படியானால் அவரது 'டிகானா' (1990). இத்தாலியை ஒத்த ஒரு தீபகற்பம். போரில் மகனை இழந்த மந்திரவாதி அரசன், அவனைக் கொன்ற நாட்டின் பெயரையே மந்திரத்தால் அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. மந்திரத்தை எடுத்துவிட்டால் அரசியலே நிற்காது, அரசியலை எடுத்துவிட்டால் மந்திரத்துக்கு வேலை இல்லை. கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். போருக்கு முந்தைய இரவில் நடக்கும் முன்கதையின் ஆட்களை முதல் பாகத்தில் தேட வேண்டாம், அது பல வருடம் கழித்து ஒரு பாடகனோடு தொடங்குகிறது. அடுத்தது, படுக்கையறைக் காட்சிகள் உண்டு, வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எட்டினால் யோசிக்கவும். பிள்ளைகளுக்கு டோல்கீனின் சிறுவர் நாவல் 'தி ஹாபிட்' இருக்கவே இருக்கிறது.

அமாவாசை:
டிகானா 600 பக்கத்துக்கு மேல போகுதே. மிஸ்ட்பார்னைக் கணக்குப் புத்தகம்னாங்க!

நீர்ச்சுழி:
சரித்திர நாவல் வாசகர் என்றாரே. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் முடித்திருப்பவருக்கு 600 பக்கம் பயமுறுத்தாது, சம்புவரையர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தை நினைவில் வைத்திருப்பவர் டிகானாவின் வேட்டைக் குடிலில் நடக்கும் சதிக் கூட்டத்தில் வழிதவறவும் மாட்டார்.

வெள்ளாறு:
டிகானாவை ஏற்கிறேன். ஆனால் நாற்பது பக்கத்தில் மூடிவைத்தால் எர்த்ஸீயின் இரண்டாம் நூலைக் கொடுங்கள், 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்'. நிலத்தடிப் புதிர்வழிக்குள் இருட்டில் கைதடவி நடக்கும் ஒரு பெண் பூசாரியின் கதை, முதல் நூலைப் படிக்காமலே புரியும்.

அமாவாசை:
இரண்டாம் பாகத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்றவங்க என்னைக் குறை சொல்றாங்க!