மகனுக்குக் கணக்கு, மகளுக்கு மனையியலா? வீட்டுக்கல்விக் குழுவில் இதை எப்படிப் பேசுவது?

கேள்வி (நகரியிலிருந்து ஒரு தாய்):

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திராவில், நகரிக்கும் ஏகாம்பரகுப்பத்துக்கும் நடுவே வசிக்கும் ஆறு தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாது, தேவாரமும் திருப்புகழும் ஓதி வளர வேண்டும் என்பதற்காக, நான்கு ஆண்டுகளாக அவர்களை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பெரும்பாலும் தறிக்காரக் குடும்பங்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவர்கள். பதினான்கு வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்பதால் இப்போது பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்திருக்கிறது. பையன்களுக்குக் கணக்கும் அறிவியலும் என்று முடிவாகிவிட்டது. என் மூத்த மகளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் தமிழ், தெலுங்கு, சமூக அறிவியல், மனையியல், ஓவியம் ஆகிய ஐந்தும் போதும் என்கிறார் என் மாமனார். போகிற இடத்தில் கணக்கு எதற்கு என்பதே அவர் சொல்லும் காரணம். காலைப் பாடம் முடிந்ததும் பையன்கள் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார, பெண்கள் தார் சுற்ற, அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்ற, போகிறார்கள். பெண்ணியம் என்ற சொல்லை நான் வாயெடுத்தால் குழுவே உடைந்துவிடும்; அது உடைந்தால் இந்தப் பெண்களுக்கு வாரம் ஒருமுறை கூடிப் பேசக் கிடைக்கும் தோழிகளும் இல்லாமல் போவார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (திருத்தணி):

சகோதரி, வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். உங்கள் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற இடத்திலிருந்தே தொடங்குங்கள். அரக்கோணத்தில் வண்டி மாறினால் திருவாலங்காடு தொலைவில்லை. காரைக்கால் அம்மையாரின் கதையை மாங்கனியோடு நிறுத்திவிடுவதே நம் வழக்கம். அதற்குப் பிறகுதானே விஷயம் இருக்கிறது! கணவன் பரமதத்தன் அஞ்சிக் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். தேடி வந்தவளின் காலில் விழுகிறான். அவளோ இனி இவனுக்காகச் சுமந்த இந்த அழகு எதற்கு என்று அதை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறாள். இறைவனே அவளை அம்மையே என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். சிவாலயத்தில் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள், மற்றவர்கள் நின்றிருக்க அவர் உட்கார்ந்திருப்பார். இதை எங்கள் வீட்டில் சொன்னபோது பதினோரு வயதுப் பையன் ஒருவன், பரமதத்தன் ஏன் சொல்லிக்கொள்ளாமல் ஓடினான் என்று கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் பாட்டிதான், “பயந்துட்டான்டா” என்றாள்.

மறுமொழி (சித்தூர்):

மேலே எழுதிய நண்பரின் யோசனை அழகாக இருக்கிறது, ஆனால் அம்மையார் கதையைக் கேட்டு உருகிய பெரியவரே மறுநாள் விண்ணப்பத்தில் மனையியலைக் குறித்துவிட்டு வருவார். நான் மனையியலைக் குறைத்துப் பேசவில்லை. அதைப் பையன்களுக்கும் வையுங்கள் என்பேன். கணக்கு இல்லாமல் பத்தாம் வகுப்பை முடித்தால் ஆந்திராவில் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வுக்கே உட்கார முடியாது என்பதை முதலில் மாமனாரிடம் நேராகச் சொல்லுங்கள்.

அடுத்தது, தார். எங்கள் வீட்டில் என் மகளை ஒரு மாதம் தான் சுற்றிய தார்களை நோட்டில் எழுதி, வெளியாள் வைத்தால் கொடுக்கும் கூலியால் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். கணக்குப் பாடம் என்றுதான் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. என் கணவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குடிமையியலுக்கும் நம் எல்லையே பாடப்புத்தகம்தான். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று ஆந்திரா 1986இல் சட்டம் செய்து, 1985 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச் 25 முதல். நாடு முழுமைக்கும் 2005இல்தான் வந்தது. முதல் இரண்டு சட்டங்களும் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன பெண்களை விட்டுவிட்டன. அக்காவுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு எப்படி வந்தது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். அந்தந்த வீட்டு அத்தைமார்கள் பதில் சொல்வார்கள்.

மறுமொழி (குப்பம்):

எனக்குச் சற்றுக் கசப்பாகத்தான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில் படித்தவள். படித்தவள் என்பதைவிட வீட்டில் வைக்கப்பட்டவள் என்பதே சரி. இருபத்திரண்டு வயதில்தான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன். வீட்டுக்கல்வியே தவறு என்று சொல்ல மாட்டேன். புதுக்கோட்டையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் பருவமடைந்த பின் வீட்டிலிருந்தே மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். 1912இல் மருத்துவர் ஆனார். 1927இல் சென்னை சட்ட மேலவையில் அமர்ந்தார். அவருடைய வீடு அவரைத் தேர்வுக்கு அனுப்பியது. எங்கள் வீடு சமையலறைக்கு அனுப்பியது.

இன்னொன்று. மாமனாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது, கணவரை எப்படி உணரச் செய்வது என்று இவ்வளவு பேசுகிறோம். அந்தப் பெண்ணிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா, அம்மா? என்னை யாரும் கேட்கவில்லை. நாம் குரலைத் தாழ்த்திப் பேசுகிற எதையும் வெட்கப்பட வேண்டிய ஒன்றாகவே பெண்பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

குப்பத்து அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி என் மூத்த மகளிடம் கேட்டேன். எனக்கு ஒரே அதிர்ச்சி. கணக்கு அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காதாம். ஆனால் பாலிடெக்னிக் வழி அடைபடும் என்றால் எழுதுகிறேன் என்கிறாள். அவள் விடாமல் கேட்பது அறிவியல். ஓவியத்தை எடுத்துவிடு, மனையியல் இருக்கட்டும், அதைத் தம்பிக்கும் சேர்த்து எழுது என்றாள். தார் நோட்டு இன்று காலை தொடங்கியாயிற்று. அடுத்த ஞாயிறு ஆறு குடும்பமும் திருவாலங்காடு போகிறோம். நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று பார்க்க மாமனாரும் வருகிறாராம்.