ஃபைபர் வெட்டும்போது தொலைந்த சில்லு: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பீளமேட்டுப் பையன்:

எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம், கோவையில் ஒரு காலேஜ். ஆப்டிகல் ஃபைபர் லேப், அதாவது வெளிச்சத்தைக் கடத்துகிற கண்ணாடி இழை. உரி, துடை, வெட்டு, ஒட்டு என்று நாள் முழுக்க அதே வேலை. செய்தவர்களுக்குத் தெரியும், கிளீவரில் (இழை வெட்டுகிற கருவி) வெட்டியதும் ஒரு சென்டிமீட்டர் போல ஒரு சில்லு மிஞ்சும். அதை இடுக்கியில் எடுத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். 125 மைக்ரான் கண்ணாடி, தலைமுடி கனம். வெள்ளை மைக்கா மேஜையில் விழுந்தால் அவ்வளவுதான், தேடிக் கிடைக்காது.

அன்றைக்கு எனக்கு வெட்டு முனையின் கோணமே சரியாக வரவில்லை. ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்து போனால் ஸ்ப்ளைசர் (இழைகளை உருக்கி ஒட்டுகிற மிஷின்) ஒட்டமாட்டேன் என்கிறது. 2.3 வந்தது, அப்புறம் 1.8, மறுபடி 2.1. வெறுத்துப்போய் வெட்டி வெட்டித் தள்ளினேன். டப்பா எங்கே, மேஜை எங்கே என்றெல்லாம் பார்க்கவில்லை.

சாயங்காலம் லேப் அண்ணன் வந்தார். "ஏனுங் தம்பி, முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையால் மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழித்தார். எப்போதும் அப்படித்தான் துடைப்பார். பாதியில் கை நின்றது. ஒரு நொடி இருக்கும். அப்புறம் மிச்சத்தையும் வழித்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கேன்டீனில் டீ கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார். அதற்கு மறுநாளும் இடது கைதான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏழு வருஷம் ஆகிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நூல்பஞ்சு, திருப்பூர்:

சில்லுக்கதை எனக்கு இல்லை, பஞ்சுக்கதை இருக்கிறது. எங்கள் லேபுக்குப் பின்சுவரை ஒட்டி பனியன் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் பஞ்சு, மூடினால் புழுக்கம். ஒரு ஸ்ப்ளைஸ், அதாவது ஒட்டு, போட்டேன். வெளிச்ச இழப்பு 0.02 டெசிபல்தான் என்கிறது மிஷின், பவர் மீட்டரில் பார்த்தால் ஒரு டெசிபலுக்கு மேல் வெளிச்சத்தைக் காணவில்லை. நாலு தடவை வெட்டி நாலு தடவை ஒட்டினேன். சோறு கூடத் தின்னவில்லை. கடைசியில் ஜூனியர் பையன் கனெக்டர் முனையை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, "அண்ணா, இங்க வாங்க" என்றான். கிணற்றுக்குக் குறுக்கே தென்னைமரம் சாய்ந்து கிடக்கிற மாதிரி ஒரு பஞ்சு இழை கிடந்தது. சிங்கிள் மோடு ஃபைபரில் வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி, அந்தக் கோர், 9 மைக்ரான்தானே, பஞ்சு இழை அதைவிடக் கனம். வெளிச்சம் எங்கே போகும்? ஸ்ப்ளைஸ் முதல் தடவையே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதை நானே நாலு தடவை வெட்டிப் போட்டிருக்கிறேன்.

பீளமேட்டாரே, உங்க அண்ணனை ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. சில்லு ரத்தத்தில் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று எங்க சீனியர் சொல்லுவார்.

ஈரோட்டு அம்மிணி:

நூல்பஞ்சு, சும்மா பயமுறுத்தாதீங்க. என் கட்டைவிரலில் ஏறியிருக்கிறது. டாக்டர் லென்ஸ் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, இடுக்கியால் எடுத்தார். நெஞ்சுக்குப் போகுமா என்று நானும் கேட்டேன், சிரித்தார். "பிதுக்குனீங்களாம்மா? உள்ளேயே ஒடஞ்சிருக்கு, அதான் ரெண்டு துண்டு" என்று மட்டும் திட்டினார். பயப்படுவதென்றால் கண்ணுக்குப் பயப்படுங்கள். சில்லு ஒட்டிய விரலால் கண்ணைத் தேய்த்தால்தான் ஆபத்து.

என்னை உறுத்துவது வேறு. பி.எஸ்சி. பிராக்டிகல் பரீட்சை, பிளாஸ்டிக் ஃபைபரில் நியூமரிக்கல் அப்பர்ச்சர், அதாவது முனையிலிருந்து வெளிச்சம் எவ்வளவு விரிகிறது என்ற அளவு. அவசரத்தில் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். திரையில் வட்டம் விழ வேண்டிய இடத்தில் கடித்த முறுக்கு மாதிரி ஒரு சிவப்புத் திட்டு. ஒவ்வொரு பக்கம் அளந்தால் ஒவ்வொரு விட்டம். முந்தின வருஷ ரெக்கார்டில் 0.48 என்று இருந்தது ஞாபகம் வந்தது. 10 மில்லிமீட்டர் தூரத்துக்கு 11 மில்லிமீட்டர் விட்டம் என்று கணக்கைப் பின்னாலிருந்து போட்டு எழுதிவிட்டேன்.

வெளியூர் எக்ஸாமினர் என் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. புது பிளேடால் முனையை நேராக வெட்டி, மெல்லிய உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்து மறுபடி செருகினார். தோசை வார்த்த மாதிரி வட்டம். "இப்ப அளந்து பாரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மார்க்கும் போட்டிருந்தார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

கேபிள் பெரியப்பா, உடுமலை:

நீங்க எல்லாம் லேபில் உட்கார்ந்து செய்தவர்கள். நான் காட்டில் செய்தவன். ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து காற்றாலையையே ஆட்டுகிறது, வேன் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினேன். அப்படியும் இழையை உருக்குகிற மின்பொறி, அந்த ஆர்க், நடுங்கி ஸ்ப்ளைஸ் குமிழி விட்டது. அதுதான் என் கதை.

இப்ப சொல்வதைக் கேளுங்க. மேஜையில் வெள்ளை மைக்கா யாருங்க வைத்தது? கறுப்புத் துணி விரியுங்கள், சில்லு பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் டேப்பைத் தலைகீழாக ஒற்றி எடுங்கள், கையால் வழிக்கவே கூடாது. துடைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அதுவும் ஒரே திசையில், கீச்சென்று சத்தம் வருகிற வரை. சத்தம் வந்தால் கண்ணாடி சுத்தம். துடைத்தபின் விரல் படக்கூடாது. நூல்பஞ்சு தம்பி, நாலு தடவை வெட்டுவதற்கு முன்னால் 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளத்திலும் அளந்திருக்க வேண்டும். 1550-ல் மட்டும் வெளிச்சம் அதிகமாகக் குறைந்தால் ஃபைபர் எங்கோ வளைந்து கிடக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தால் முனையைப் பாருங்கள். ஓடிடிஆரில் (ஃபைபரில் எங்கே பழுது என்று காட்டுகிற கருவி) முதல் கனெக்டர் தெரிய வேண்டுமென்றால் முன்னால் ஒரு நீள ஃபைபர் சுருளைப் போடுங்கள், இல்லாவிட்டால் குருட்டு இடத்தில் மறைந்துவிடும். ஸ்ப்ளைசரை ஊட்டிக்குக் கொண்டுபோனால் ஆர்க் கேலிப்ரேஷன் (ஆர்க்கைச் சரிபார்த்து அமைப்பது) போடாமல் தொடாதீங்க, மேலே காற்றழுத்தம் குறைவு. அப்புறம் இது முக்கியம்: ஃபைபர் முனையில் கண்ணை வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். 1550 கண்ணுக்கே தெரியாது, வெளிச்சம் இல்லை என்று நினைத்துக்கொண்டு பார்ப்பீர்கள். ஃபைபரைச் சோதிக்கிற சிவப்பு லேசர் பேனா வெளிச்சம் தெரியும்தான், அதற்காக அதையும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீங்க.

நூல்பஞ்சு, திருப்பூர்:

பெரியப்பா, ரெண்டு அலைநீளமும் வாங்க எங்க லேபில் காசு இருந்தால் நான் ஏனுங்க ஒட்டி ஒட்டிப் பார்க்கிறேன்? எங்களிடம் 1310 மட்டும்தான். அம்மிணி சொன்னது சரி, ஸ்கேன் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பீளமேட்டுப் பையன்:

பெரியப்பா, கறுப்புத் துணி, டேப் எல்லாம் சரிங்க. இப்ப நான் வேலை செய்கிற இடத்தில் அதெல்லாம் இருக்கிறது. நான் கேட்டது அதில்லை.

போன தைப்பொங்கலுக்கு அண்ணனைச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு நின்றார். கை கொடுத்தேன், வலது கைதான் நீட்டினார். அழுத்திப் பிடிக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன், பல்லடம் பஸ் வந்துவிட்டது.

அன்றைய அப்சர்வேஷன் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 14 முறை வெட்டியதாக எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் கோணம் போட்டு. டப்பாவில் எத்தனை சில்லு என்பதற்கு அதில் கட்டமே இல்லை.