எலிக்குட்டிக்குப் போட்ட ஆன்டிபாடி வேலை செய்வது தோலிலா, நரம்பு முடிச்சிலா?

வயல்நண்டு:
1960-ல் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் பார்பரா புக்கரும் புதிதாகப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு, நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப்-ஐப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உள்ள சீரத்தை ஊசியாகப் போட்டார்கள். பரிவு நரம்பு முடிச்சுகள், அதாவது இதயத் துடிப்பு போன்ற தானியங்கு வேலைகளைக் கவனிக்கும் நரம்புச் செல்களின் திரள்கள், பெரும்பாலும் அழிந்துபோயின. அந்த ஆன்டிபாடி என்ஜிஎஃப்-ஐ எங்கே பிடித்தது? தோல் முதலான இலக்குத் திசுக்களில் என்பது என் கட்சி. என்ஜிஎஃப் சுரப்பது அங்கேதான். நரம்பு முனை அதை உள்வாங்கி செல்லின் உடல் வரை கொண்டுபோகிறது. ரத்தத்திலிருந்து வெளியேறும் ஐஜிஜியில் (இந்த ஆன்டிபாடியின் வகை) பெரும்பங்கு தங்குவதும் தோலிலும் தசையிலும்தான்.

நூல்கண்டு:
முடிச்சுகளை அப்படியே விட்டுவிட்டீர்களே! ஐஜிஜி 150 கிலோடால்டன் எடையுள்ள மூலக்கூறு. நரம்புத் தண்டில் பெரினியூரியம் உறையும் உள்ளிருக்கும் ரத்தக்குழாய்ச் சுவரும் அதை மறிக்கும். தண்டுவடத்தின் அருகே உணர்வு நரம்புச் செல்கள் திரண்டிருக்கும் முதுகு வேர் முடிச்சில் வளர்ந்த விலங்குக்கே அந்தத் தடுப்பு தளர்வுதான். குட்டிக்கோ தண்டிலும் தடுப்பு இன்னும் இறுகியிருக்காது. செல்லின் உடலருகிலேயே ஆன்டிபாடி நிற்கும்போது தோல் மட்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வயல்நண்டு:
அங்கே போய்ச் சேர்வது வேறு, அங்கே வேலை செய்வது வேறு. தோலிலிருந்து வரும் என்ஜிஎஃப், நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்சானுக்குள் நுண்பைகளில் அடைபட்டுத்தான் பயணிக்கிறது. வெளியே நிற்கும் ஆன்டிபாடி அதைத் தொடவே முடியாது.

செம்பருத்தி:
வயதை இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ரிட்டர், லூவின், மெண்டெல் குழு எலிகளுக்குப் பிறந்த 2-ஆம் நாளிலிருந்து இந்த ஆன்டிபாடியைக் கொடுத்தது. முதுகு வேர் முடிச்சில் செல்கள் சாகவில்லை. ஆனால் வலியுணரும் ஏ-டெல்டா இழைகள் குறைந்து, மெல்லிய முடியசைவை உணரும் இழைகள் கூடின. ஆன்டிபாடியால் இந்த மாற்றம் நேரக்கூடிய காலம் ஏறக்குறைய 4 முதல் 11-ஆம் நாள் வரைதான். செல் பிழைத்து, தோலிலுள்ள முனையின் குணம் மாறுகிறது என்றால் நான் வயல்நண்டு பக்கம். இன்று நாய்களின் மூட்டுவலிக்குப் போடும் பெடின்வெட்மாபும் என்ஜிஎஃப்-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிதான். ஐரோப்பாவில் 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு அதைப் போடக்கூடாது.

நூல்கண்டு:
அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் எந்த இழை மாறியது என்றுதான் அது காட்டுகிறது, ஆன்டிபாடி எங்கே நின்றது என்று காட்டவில்லை. அதற்குத் திசுவை வெட்டி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். முதலில் ரத்தத்தை முழுக்கக் கழுவி எடுக்காவிட்டால் குழாய்க்குள் இருப்பதும் திசுவில் இருப்பதுபோல் ஒளிரும். அப்புறம், எலிக்குட்டியின் குடல் தாய்ப்பாலின் ஐஜிஜியை மூன்று வாரம் வரை உறிஞ்சுகிறது. ஊசியில் போட்டது ஆட்டின் ஐஜிஜி என்றால், ஆட்டினுடையதை மட்டும் அடையாளம் காணும் சாயம் தேவை.

வயல்நண்டு:
சரி. ஒரு பாதத்தோலில் மட்டும் சிறிய அளவு போட்டு, மறுபாதத்தோடு ஒப்பிடலாமே?

நூல்கண்டு:
பத்து கிராம் குட்டியில் அது நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போய்விடும். மறுபாதத்துக்கும் முடிச்சுக்கும் எவ்வளவு போனது என்று அளந்து காட்டினால் தோல்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். அதுவரை முடிச்சை விடமாட்டேன்.